பதிவேடு காத்த கைகள்

நம் இல்லங்களில் இரும்புப் பெட்டியின் அடியிலோ, அலமாரியின் மேல்தட்டிலோ, உறையிட்டுப் பத்திரப்படுத்திய ஒரு தாள் இருக்கும். மகனோ மகளோ பெற்ற பட்டச் சான்றிதழ் அது. துணைவேந்தரின் கையொப்பத்தையும் பல்கலைக்கழகத்தின் முத்திரையையும் பார்த்துப் பெற்றோர் பூரிக்கின்றனர். ஆனால் அத்தாளில் நம் பிள்ளையின் பெயர் எழுத்துப் பிழையின்றி அமைந்ததற்கும், முன்னெழுத்து மாறாமல் இருந்ததற்கும், மதிப்பெண் இடம் மாறிப் போகாததற்கும் காரணமானவர் யார்? அவருடைய பெயர் அத்தாளின் எந்த மூலையிலும் இராது. அத்தகைய ஒருவரைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன்.

அவர் எங்கள் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மையார். நம் மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1988ஆம் ஆண்டு இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவர், இன்று கண்காணிப்பாளர். 2026ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பிற்பகலில் அவர் பணி ஓய்வு பெறவேண்டும் என்கிறது அவருடைய பணிப்பதிவேடு. அந்த ஒரு தேதியை முன்னிட்டு அவர் குடும்பத்தில் எழுந்த பேச்சு, என்னையும் சிலநாள் சிந்திக்க வைத்தது. அவர்தம் இசைவு பெற்று, பெயர் குறிப்பிடாமல் அதை எழுதுகின்றேன்.

தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இலும், மதுரைப் பல்கலைக்கழகம் 1966-இலும் தோன்றின. ஏறத்தாழ நூறாண்டுகளில் பொதுவான பல்கலைக்கழகங்கள் மூன்றே. ஆனால் 1982-இல் கோவையில் பாரதியார் பெயராலும், திருச்சியில் பாரதிதாசன் பெயராலும், 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா பெயராலும், 1985-இல் காரைக்குடியில் அழகப்பர் பெயராலும், 1990-இல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பெயராலும் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து எழுந்தன. பேராசிரியர்கள் வந்தனர், மாணவர்கள் வந்தனர். அவர்களுக்கு முன்பாகவே தட்டச்சுப் பொறிகளும், அவற்றின் முன் அமர்வதற்கு ஆட்களும் வேண்டியிருந்தனர். சிற்றூர்களில் பட்டம் பெற்று, தட்டச்சில் மேல்நிலைத் தேர்வும் தேறி, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்த இளைஞர் பலருக்கு அக்காலத்தில் இவ்வாறே கதவு திறந்தது. நம் அம்மையாரும் அக்கதவின் வழியாகவே உள்ளே சென்றார்.

முதல் மூன்றாண்டுகள் தபால் பிரிவு. வருகின்ற ஒவ்வொரு கடிதத்திற்கும் எண் இட்டு, உரிய பிரிவுக்குப் பகிர்ந்து, திரும்பி வரும் பதிலைப் பதிந்து அனுப்பவேண்டும். பின்பு தேர்வுப் பிரிவு. விடைத்தாளில் மாணவரின் பதிவெண்ணை நீக்கி வேறோர் எண் இடுவார்கள்; 'டம்மி எண்' என்பது அதன் வழக்குப் பெயர். எந்த எண் எவருடையது என்பதை அறிந்த சிலரில் இவரும் ஒருவர். தேர்வு முடிவுகள் வெளியாகும் காலத்தில் பெரிய பேரேடுகளில் மதிப்பெண்களை ஒருவர் வாசிக்க, மற்றவர் சரிபார்க்க, இரவு ஒன்பது மணிக்கும் விளக்கு எரியும். சுற்றறிக்கை என்றால் ஸ்டென்சில் வெட்டி, மை தடவி, சைக்ளோஸ்டைல் பொறியில் சுற்றவேண்டும். வீடு திரும்பிய பின்னும் விரல்களில் மை இருக்கும். அக்கையோடுதான் குழந்தைக்குச் சோறூட்டியதாகச் சொல்லிச் சிரிப்பார்.

இளநிலை உதவியாளர் உதவியாளராவதற்கும், உதவியாளர் கண்காணிப்பாளராவதற்கும் ஆண்டுகள் கழிந்தால் மட்டும் போதாது. துறைத் தேர்வுகளும் தேறவேண்டும். கணக்குத் தேர்வுக்கு அவர் படித்தது, இரண்டாவது குழந்தை தொட்டிலில் கிடந்த நாள்களில். ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு மறுகையால் விதிநூலைப் புரட்டியவர் அவர். கணவர் பணியாற்றிய மில் மூடப்பட்ட பின்பு, வீட்டின் முழுப்பாரமும் இவருடைய ஊதியத்தின் மேல் இறங்கியது. காலை ஏழே முக்கால் பேருந்து. மாலை ஏழு மணிக்குத் திரும்புதல். வயது நாற்பதை நெருங்கும்போது தட்டச்சுப் பொறியை எடுத்துக்கொண்டுபோய் மேசைமேல் கணினியை வைத்தார்கள். தம்மைவிட இருபது வயது இளைய ஒரு தற்காலிகப் பணியாளரிடம் மதிய உணவு நேரங்களில் அமர்ந்து அதையும் கற்றுக்கொண்டார். அந்தப் பெண் இன்றும் அவரை 'அக்கா' என்றும், அவர் அந்தப் பெண்ணை 'டீச்சர்' என்றும் அழைப்பது அலுவலகம் அறிந்த வேடிக்கை.

இத்தனையும் அவருடைய பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது. "அம்மா யுனிவர்சிட்டியில் கிளார்க்" என்பதற்கு மேல் அவர்கள் அறிந்ததில்லை. ஆண்டுகள் முப்பத்தெட்டு அன்றாடம் ஒருவர் எங்கே சென்றார், என்ன செய்தார் என்பதை ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களே அறியாதிருப்பது நம் குடும்பங்களில் அரிதன்று.

இனி, நான் சொல்லவந்த செய்திக்கு வருகின்றேன்.

சென்ற ஆண்டின் இறுதியில் ஒருநாள் மாலை அவருடைய மகன் என்னிடம் வந்தான். கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணிபுரிபவன், வீட்டுக்கடன் உள்ளவன். "சாமி, அம்மாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் ஒன்று வேண்டும்" என்றான். எடுத்துக் கொடுப்பதற்காகப் பழைய பதிவேட்டைத் திறந்தேன். அங்கே அம்மையாரின் பிறந்த நாள் 1967ஆம் ஆண்டு பெப்ரவரி 2 என்று எனக்கு முன் இங்கே பணியாற்றிய குருவின் அழகிய கையெழுத்தில் இருந்தது. பணிப்பதிவேட்டில் உள்ளதோ 1966 மே 14. ஏறக்குறைய ஒன்பது மாத வேறுபாடு.

இதில் மோசடி ஏதுமில்லை. அக்காலத்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் நடந்த முறை இது. பிள்ளைக்கு ஐந்து வயது ஆயிற்றா என்று பார்க்க, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். இவருடைய அண்ணன் பள்ளிக்குச் சென்றான். நானும் போவேன் என்று இவர் அழுதார். கை காதை எட்டவில்லை. ஆனால் அழுகை தலைமையாசிரியரின் உள்ளத்தை எட்டியது. 1971 சூனில் ஐந்து நிரம்பியிருப்பதற்கேற்ப ஒரு மே மாதத் தேதியைக் குறித்துச் சேர்த்துக்கொண்டார். அத்தேதியே பள்ளி இறுதிச் சான்றிதழுக்கும், அங்கிருந்து பணிப்பதிவேட்டுக்கும் சென்றது. நம் நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது 1969-இல். அதற்கு முன்பும் பதிவு உண்டெனினும், சிற்றூர்களில் அதை நாடிச் சென்றவர் சிலரே. நம்மவர்க்கோ கோயில் பதிவேடு இருந்தது. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563-இல் பங்குகளில் பதிவேடு வைக்கவேண்டும் என்று வகுத்த முறையின் பயன், ஒரு குக்கிராமத்துக் குழந்தையின் உண்மையான பிறந்த நாளை அறுபதாண்டுகள் காத்துத் தந்திருக்கிறது.

மகன் கணக்கோடுதான் வந்திருந்தான். "சாமி, உண்மையான தேதிப்படி அம்மா 2027 பெப்ரவரி வரை வேலை பார்க்கலாம். ஒன்பது மாதச் சம்பளம்! அதுவுமன்றி, பல்கலைக்கழகங்களில் ஓய்வூதியம் காலத்தோடு வருமா என்பதே கேள்வியாக இருக்கிறது. பொய் ஒன்றும் சொல்லவில்லையே, உள்ளதைத்தானே காட்டப்போகிறோம்?" என்றான்.

அவன் அச்சம் ஆதாரமற்றதன்று. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓய்வூதியம் அரசுக் கருவூலத்திலிருந்து நேரே வருவதில்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் ஓய்வூதிய நிதியிலிருந்து வரவேண்டும். அண்மை ஆண்டுகளில் நிதி நெருக்கடியால் சில இடங்களில் ஊதியமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் தாமதமானதைச் செய்தித்தாள்களில் படித்திருக்கிறோம். முதுமையில் மருந்துக்குக் கையேந்த நேருமோ என்று ஒரு மகன் அஞ்சுவது இயல்பே. சான்றிதழைக் கேட்டால் கொடுப்பது என் கடமை, கொடுத்தேன். "ஆனால் தம்பி, முதலில் அம்மாவிடம் காட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அம்மையாரே வந்தார். கையில் அதே உறை.

"சாமி, இதில் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் கேட்கப்போவது நியாயமன்று" என்றார். அமரச் சொன்னேன். அன்று அவர் சொன்னதைச் சுருக்கித் தருகின்றேன்.

பணியில் சேர்ந்த ஒருவர் தம் பிறந்த தேதியைத் திருத்தவேண்டுமானால், சேர்ந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கவேண்டும் என்பது நம் மாநிலத்து விதி. பணிக்காலத்தின் கடைசியில் வந்து தேதியை மாற்றக் கேட்பது முறையன்று என்று உச்ச நீதிமன்றம் 1993-இலும், தமிழ்நாட்டு அரசு தொடர்பான வழக்கில் 1994-இலும் தீர்ப்பளித்தது. ஏனெனில் ஒருவர் ஓய்வு பெறும் நாளை எண்ணி, அந்த இடத்துக்குக் கீழே பலர் காத்திருக்கின்றனர். ஒருவருடைய நாள் தள்ளிப்போனால், வரிசையில் நிற்கும் எல்லாருடைய நாளும் தள்ளிப்போகும்.

"இந்த விதி எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்கள்? நான் அதைச் சொல்லி ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சாமி" என்றார் அவர்.

நிகழ்ந்தது 2004-இல். அப்போது அவர் பணியமைப்புப் பிரிவில் உதவியாளர். ஓட்டுநர் ஒருவர் 58 வயது நிரம்பி ஓய்வு பெறவிருந்தார். பழைய சாதக நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து, தமக்கு உண்மையில் ஒரு வயது குறைவு என்று மனுக் கொடுத்தார். மகன் மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிப்பதாகவும், ஓராண்டு கிடைத்தால் அவனைக் கரையேற்றிவிடலாம் என்றும் கண்ணீர் விட்டார். கோப்பில் குறிப்பெழுதவேண்டியவர் இந்த அம்மையார். இரண்டு நாள் கோப்பை மேசையிலேயே வைத்திருந்தார். மூன்றாம் நாள், "விதியின்படி ஏற்க இயலாது" என்று எழுதி மேலே அனுப்பினார். மனு தள்ளுபடியாயிற்று.

அதோடு அவர் விடவில்லை. ஓட்டுநரின் ஓய்வூதியக் கருத்துருவைத் தாமே எடுத்துத் தயாரித்தார். பணிப்பதிவேட்டில் ஒப்பமிடப்படாத விடுப்புகளைத் தேடி ஒப்பம் வாங்கினார். வண்டியின் உதிரிப் பொருள் கணக்கில் நின்ற ஒரு தணிக்கைத் தடையைப் பழைய பற்றுச்சீட்டுகளைத் தோண்டியெடுத்து நீக்கினார். நிலுவையில்லாச் சான்றுகளுக்காகப் பிரிவு பிரிவாக நடந்தார். ஓய்வு பெற்ற அடுத்த மாதமே முதல் ஓய்வூதியம் அம்மனிதரின் கைக்குச் சென்றது. "உங்கள் கையால் என் மனு போயிற்று, உங்கள் கையால்தான் என் சோறும் வந்தது" என்று அவர் சொல்லிச் சென்றாராம்.

"அந்த ஓட்டுநர் 58-இல் வீட்டுக்குப் போனார், சாமி. எனக்கோ அரசே ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கியது. 2021-இல் 60 ஆக்கியது. 2024-இல் போயிருக்கவேண்டியவள் நான். கேட்காமலே இரண்டு ஆண்டு கிடைத்தது. இதற்கு மேலும் ஒன்பது மாதம் கேட்டு, அவருக்கு இல்லை என்று எழுதிய அதே கையால் எனக்கு மட்டும் வேண்டும் என்று மனு எழுதுவதா?" என்றார். சற்று நேரம் கழித்து, "உள்ளதைச் சொன்னால், 1992-இல் என் திருமணத்திற்காக இதே சான்றை வாங்கியபோதே தேதியைப் பார்த்தேன். அப்போது ஐந்தாண்டு முடியவில்லை. இருபத்தைந்து வயதில் ஓய்வைப் பற்றி யார் நினைத்தார்? சோம்பலாக விட்டுவிட்டேன். அது என் பிழை. அதற்கு எனக்குக் கீழே காத்திருக்கிறவள் ஏன் விலை கொடுக்கவேண்டும்?" என்றார். கீழே காத்திருப்பவர் வேறு யாருமல்லர். அவருக்குக் கணினி கற்றுக்கொடுத்த அந்த 'டீச்சர்'தான். தற்காலிகப் பணியில் பல ஆண்டுகள் உழன்று, பின்னரே நிரந்தரமானவர்.

அன்று மாலை அவர் இல்லம் சென்றேன். மகனும் இருந்தான். தாய் ஒரு தாளில் கணக்கெழுதி அவன்முன் வைத்தார். "நீ ஒன்பது மாதச் சம்பளம் என்கிறாய். நான் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்தவள், பழைய திட்டம். முப்பது ஆண்டு தகுதிப் பணி முடிந்தால் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். அந்தப் பாதி எப்படியும் வரவேண்டியது. ஆகவே நாம் பேசிக்கொண்டிருப்பது நாலரை மாதச் சம்பளத்தைப் பற்றி. முப்பத்தெட்டு வருடத்தில் ஒரு கோப்பிலும் எனக்காக ஒரு வரி மாற்றி எழுதவில்லை. அதை நாலரை மாதத்திற்குக் கொடுக்கலாமா, நீயே சொல்."

மகன் வாய்திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து, "ஓய்வூதியம் தாமதமானால்?" என்றான். இதற்கு அவரிடம் உறுதியான விடை இல்லை. "தாமதமானால் தாமதம்தான். அதற்கு வேண்டியதைச் சேர்த்துவைப்போம். எல்லாரோடும் சேர்ந்து கேட்போம். அது கேட்கவேண்டிய நியாயம். இது அப்படிப்பட்டதன்று" என்றார். பிறகு மகன் கேட்ட கேள்விதான் என் உள்ளத்தைத் தொட்டது: "அந்த டிரைவர் இப்போது எங்கே இருக்கிறார், அம்மா?" தாயின் அலுவலக வாழ்வைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கவேண்டும். அன்று வெகுநேரம் அவர்கள் பேசினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

அன்பார்ந்த குடும்பத்தினரே, இந்நிகழ்ச்சியிலிருந்து நாம் கொள்ளத்தக்கவை சில உண்டு.

முதலாவது, பணியில் இருப்போர் தம் பணிப்பதிவேட்டை ஆண்டுக்கொரு முறையேனும் பார்த்தல் வேண்டும். பிறந்த தேதி, விடுப்புக் கணக்கு, வாரிசு நியமனம் ஆகியவை சரியாக உள்ளனவா என்று இளமையிலேயே பார்ப்பவருக்கு முதுமையில் அலைச்சல் இல்லை. பிறருடைய பதிவேடுகளைக் கண்ணும் கருத்துமாய்க் காத்த அம்மையாரே தமதைக் கவனியாமல் விட்டார் என்பது நமக்குப் பாடம். 2023 அக்டோபர் 1-க்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் அரசுப் பணி வரை பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆகிவிட்டது. இனித் தலைமையாசிரியரின் இரக்கம் தேதியை மாற்றாது. இளம் பெற்றோர் பிறப்பைக் காலத்தோடு, சரியான பெயரோடு பதிவு செய்வாராக.

இரண்டாவது, ஓய்வு பெறும்போது வரும் பணத்தைப் பற்றியது. பணிக்கொடை, ஈட்டிய விடுப்புக்கான தொகை, ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே தொகுத்துப் பெறும் தொகை என்று பெருந்தொகையொன்று கைக்கு வரலாம். கடைசியாகச் சொன்னது இனாம் அன்று; அதைப் பெற்றவருக்குப் பதினைந்து ஆண்டுகள் மாதந்தோறும் ஓய்வூதியம் குறைந்தே வரும். தம் பிற்கால உணவை முன்னதாக வாங்கி வைத்திருக்கிறார் என்பதே அதன் பொருள். வீடு கட்டவும், கடன் தீர்க்கவும், தொழில் தொடங்கவும் அதன்மேல் கண்வைக்கும் பிள்ளைகள் இதை அறிதல் வேண்டும். ஓய்வு பெறுபவரும் அவர்தம் வாழ்க்கைத் துணையும் தம் மருத்துவத்திற்கும் அன்றாடச் செலவுக்கும் ஒதுக்கிய பின்னரே மற்றவை.

மூன்றாவது, பணி செய்பவர் ஓய்வு பெறுமுன் அவர் பணியை வீட்டார் அறிந்துகொள்ளுங்கள். ஒருநாள் அவர் அலுவலகத்துக்குச் சென்று, அவர் அமர்ந்த நாற்காலியைப் பாருங்கள். அவரால் பயன் பெற்றவர் யார், அவர் இரவில் உறங்காது கவலைப்பட்டது எதற்காக என்று கேளுங்கள். விடைபெறும் நாளில் போடும் மாலை மறுநாளே வாடிவிடும். "அம்மா, நீங்கள் செய்ததை நாங்கள் இப்போது அறிவோம்" என்னும் சொல் வாடாது.

மே மாதம் 31ஆம் நாள் ஞாயிறாக வருவதால், 29ஆம் நாள் வெள்ளிக்கிழமையன்றே அம்மையார் தம் மேசைச் சாவியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். நடப்பில் உள்ள கோப்புகளின் பட்டியலை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டார். எந்தக் கோப்பு எங்கே நிற்கிறது, யாருக்கு எந்த நாளில் நினைவூட்டவேண்டும் என்று அடுத்து வருபவர் தடுமாறாதபடி வரிசையாக எழுதுகிறார். அந்த 'டீச்சர்' நாள்தோறும் அருகில் அமர்ந்து படித்துக்கொள்கிறார்.

அன்று உறையைத் திருப்பித் தந்துவிட்டுப் புறப்பட்டவர், வாசற்படியில் நின்று, "சாமி, உங்கள் பழைய பதிவேட்டின் ஓரங்கள் உதிர்கின்றன என்று பையன் சொன்னான். பெயர்வரிசையும் இல்லையாம். சூன் மாதம் முதல் காலையில் எனக்கு வேலை இராது. நான் வந்து எழுதித் தரட்டுமா?" என்று கேட்டார். அவருக்கென்று ஒரு மேசையை ஒழித்து வைத்திருக்கின்றேன்.